தண்ணீர் நன்றாகப் பீச்சுகிறது, ஆனாலும் மோட்டார் கொதிக்கிறது

மண்டபம் பக்கமிருந்து எழுதுகிறேன். அப்பாவின் பைபர் வள்ளத்தில் 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது வள்ளத்தின் பின்னால் மாட்டும் மோட்டார், ஓடுகிறது. பழைய மோட்டார். போன வாடைக்காலத்தில் அது எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

மோட்டாரைக் குளிர்விக்க உறிஞ்சும் கடல்தண்ணீரில் கொஞ்சம் பின்பக்க ஓட்டையில் பீச்சும். முதலில் அது மெலிந்தது. எங்கள் கடலில் ஆழம் குறைவு, கடற்புல் அதிகம். கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் புல் சுற்றியிருக்கும் என்று பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கனத்த தங்கூசி (தூண்டில்) நரம்பை ஓட்டைக்குள் விட்டுக் குத்தினேன். கொஞ்சம் உப்புத்தூள் வந்தது, தண்ணீரும் கொஞ்சம் கூடியது. சரி, இவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். மூன்றாம் நாள் கரைக்கு வரும்போது பெயின்ட் தீய்கிற வாடை, மோட்டார் இறுகி நின்றுவிட்டது. ஆறவிட்டு, மெதுவாக ஓட்டி, பாதி வழி துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம்.

கியர் பாக்ஸைக் கீழே இறக்கிப் பார்த்தால், தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரின் ஆறு இதழில் இரண்டைக் காணோம். புதுசு வாங்கிப் போட்டேன். தண்ணீர் குழாயைத் திறந்தது போலப் பீச்சியது. அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்ததால், பத்து நிமிடம் ஓடியபின் மூடியைக் கழற்றி, சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டின்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். 'சுர்'ரென்று பொரிந்து போனது!

எங்கள் மோட்டாரில் பீச்சும் தண்ணீர், சூடேறியதும் திறந்து தண்ணீரை ஓடவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டுக்குப் போவதற்கு முன்பே பிரிந்துவிடுகிறது. அது நன்றாக வந்தால் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஹெட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகள் அலுமினியத்தோடு உப்பேறிப் பிடித்திருந்தன. துரு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் டார்ச் நெருப்பால் சூடேற்றி, சுத்தியலால் தலையில் மெல்லத் தட்டித் தட்டித்தான் எடுத்தோம். அப்படியும் ஒன்று முறிந்தது. உள்ளே உப்பளத்து ஓரம் போல வெள்ளையாகக் கட்டிக்கிடந்தது. அதற்குள் கறுப்பாக, நகத்தளவு ரப்பர்த் துண்டு. காணாமல் போன இதழில் ஒன்று! இன்னொன்று தண்ணீர் ஏறும் செம்புக் குழாயின் மேல்முனையில். மேலிருந்து ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்தபோது கீழே வந்து விழுந்தது. இதழ் உடைந்திருந்தால் எல்லாத் துண்டுகளையும் கண்டுபிடித்து ஒட்டவைத்துப் பாருங்கள். கணக்கு சரியாகும்வரை மோட்டாரை மூடாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி வெந்நீர்ச் சட்டியில் தொங்கவிட்டேன். 50, 60 டிகிரியில் திறக்க வேண்டியது, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அசையவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கரை சேர ஒருநாள் ஓட்டலாம், தினமும் வேண்டாம். மோட்டார் குளிர்ந்தே ஓடினால் ஸ்பார்க் பிளக்கில் கரி ஏறும். புதுசு போட்டோம். இப்போது ஒரு மணி நேரம் ஓட்டியபின்னும் ஹெட்டில் விட்ட தண்ணீர் பொரியாமல் அப்படியே நிற்கிறது.

யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து:

அண்ணை, எங்கட மண்ணெண்ணெய் எஞ்சினில் இம்பெல்லர் புதுசு, இதழ் ஒன்றும் உடையவில்லை, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இரண்டு தரம் கழற்றிப் பூட்டினோம். மூன்றாம் தரம்தான் தெரிந்தது, தண்டையும் இம்பெல்லரையும் பிணைக்கிற சின்னச் சாவி அரித்துத் தேய்ந்துபோய்க் கிடந்தது. தண்டு சுழலுது, இம்பெல்லர் சும்மா நிற்குது. இம்பெல்லர் மாற்றும்போது பழைய சாவியைத் திரும்பப் பாவிக்காதையுங்கோ.

பழவேற்காட்டிலிருந்து:

ஏரியில் சில இடத்தில் முழங்கால் ஆழம்தான். மோட்டார் மணலை உறிஞ்சிக்கொண்டேதான் ஓடும். இம்பெல்லருக்குக் கீழே இருக்கும் எவர்சில்வர் தகட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். வட்டமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் புது ரப்பர் போட்டும் பயன் இல்லை, அந்தப் பள்ளம் வழியாக அழுத்தம் கசிந்துவிடும். வேகத்தில் தண்ணீர் வரும், மெதுவாக ஓட்டினால் நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் இருந்தது, தகட்டையும் இம்பெல்லரை மூடும் மேல் கிண்ணத்தையும் மாற்றியபின் சரியானது. இன்னொன்று, கரையில் தண்ணீர் இல்லாமல் "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று யாரையும் இழுக்க விடாதீர்கள். அரை நிமிடம் போதும், ரப்பர் கருகிவிடும்.

மண்டபத்திலிருந்து மறுபடி:

தகட்டை நான் தடவிப் பார்க்கவே இல்லை. மெதுவாகப் போகும்போது எங்களுக்கும் தண்ணீர் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கியர் பாக்ஸை இறக்குகிறேன், சாவியும் ஒன்று வாங்கிவைத்துக்கொண்டு.