அண்ணாவோட இருந்து இந்தப் படத்தைப் பாக்கலாமோ?

உப்புவெளியான்:
பிரெடெரிக் வைஸ்மனின்ர 'டிட்டிகட் ஃபாலிஸ்' (1967) பாத்து ரெண்டு நாளா நித்திரை இல்லை. அமெரிக்காவில, மசாசுசெற்ஸில, குற்றம் செய்தவையெண்டு பிடிச்ச மனநோயாளர்களை அடைச்சு வைச்ச பிரிட்ஜ்வாட்டர்தான் இடம். கறுப்பு வெள்ளை, பின்னணியில விளக்கம் சொல்லுற குரலும் இல்லை. விளாடிமிர் எண்டொரு ஆள், இஞ்ச வந்துதான் தனக்கு வருத்தம் கூடினது, தன்னைப் பழையபடி ஜெயிலுக்கே விடுங்கோ எண்டு டொக்டர்மாரோட நியாயம் பேசுறார். ஆளை அனுப்பிப்போட்டு மருந்தைக் கூட்டச் சொல்லினம்.

எங்கட அண்ணாவுக்கு 11 வருசமா மருந்து. முதல் வருசம் கதிரையில ரெண்டு நிமிசம் இருக்கமாட்டார். விறாந்தைக்கும் கிணத்தடிக்கும் நடைதான். "மருந்தாலதான், காலுக்குள்ள எறும்பு ஓடுது" எண்டார். நோய் கூடிட்டுதெண்டு கிளினிக் கொப்பியில எழுதி ஹலோபெரிடோலைக் கூட்டிச்சினம். (எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதேங்கோ.) பிறகு வந்த டொக்டரம்மாதான் அகதீசியா, மருந்தின்ர பக்கவிளைவு எண்டு சொல்லி, அளவைக் குறைச்சுப் புரோபிரானலோல் குடுத்தவ. "பிள்ளை உண்மையைத்தானே சொன்னவன்" எண்டு அம்மா இப்பவும் அழுவா.

ஆள் இப்ப நல்ல சுகம், படமெண்டா உயிர். ஆனா இதைப் பாத்து மருந்தை விட்டிடுவாரோ?

கிண்ணியா சகோதரி:
அந்தப் பயம் நியாயம், தம்பி. எங்கட சாச்சாவுக்கு மருந்தை நிப்பாட்டி, தண்ணி ஓதி, கடைசியில தமிழ்நாட்டில, மனநோயாளர்களைக் கொண்டுபோய் விடுற ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோகவும் கதைச்சாங்க. 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலம் அங்க ஒரு கொட்டில் தீப்பத்தி, சங்கிலியில கட்டியிருந்த 28 பேர் மௌத்தான சேதி வந்த பிறகுதான் வாப்பா அந்தப் பேச்சை விட்டார். முதல்ல அவர்ட டொக்டரிட்ட ஒரு சொல் கேளுங்க.

கோணமலை வாசகன்:
நோயாளிகளின்ர அந்தரங்கம் எண்டு சொல்லித்தான் அந்தப் படத்தைக் கோர்ட்டில மறிச்சவை. 1991 வரைக்கும் பொதுசனத்துக்கு இல்லை. ஆனா டொக்டர்மார், வக்கீல்மார், மாணவர் பாக்கலாமாம்! நோயாளிக்கு மட்டும் கதவு பூட்டு. உடுப்பில்லாத மனுசரைக் காட்டுறது எனக்கும் பிடிக்கேல்லத்தான். எண்டாலும் பாக்கிறதோ இல்லையோ எண்டதை அண்ணாவையே கேக்காம இஞ்ச வந்து எங்களைக் கேக்கிறீர்.

உப்புவெளியான்:
சுட்டுது, அண்ணை. டொக்டரம்மாவிட்ட சொல்லிப்போட்டு நேற்றுப் பின்னேரம் போட்டன். விளாடிமிரை மூண்டு தரம் திருப்பிப் பாத்தார், வாய் திறக்கேல்ல. மூக்கால குழாய் விட்டுச் சாப்பாடு ஏத்துற இடத்தை, டொக்டரின்ர சிகரட்டுச் சாம்பலோட, நான் ஓட்டிவிட்டன். "ஆரைக் கேட்டு ஓட்டினனி?" எண்டு எழும்பிப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை முதலில இருந்து போடோணுமாம். ரிமோட் அவற்ற கையில.