ஆட்டோ சங்கர் வழக்கு: அருகில் இருந்தவர்களின் அனுபவங்கள்

திருவான்மியூர்க்காரன் எழுதியது:

சென்னை திருவான்மியூரின் பெரியார் நகரில் ஒரு வீட்டுக்குள் தோண்டிப் பிணங்களை எடுக்கிறார்கள் என்ற செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. வேடிக்கை பார்க்கப் போன பெரிய பையன்கள் திரும்பி வந்து சொன்னதை அப்படியே நம்பினேன். முதல் நாள் மூன்று பிணம் என்றார்கள். வாரம் முடிவதற்குள் அது இருபதைத் தாண்டிவிட்டது. நீதிமன்றத்தில் ஆட்டோ சங்கர் மீது நிரூபணமான கொலைகள் ஆறு என்பதும், கொல்லப்பட்டவர்களில் ஐந்து பேர் ஆண்கள் என்பதும் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தன. எங்கள் தெருவில் இன்றைக்கும் அவரைப் பெண்களை மட்டுமே கொன்றவராகத்தான் பேசுவார்கள்.

ஆனால் நான் பகிர வந்தது அதுவன்று. என் அப்பா அப்போது அடையாறு ஸ்டாண்டில் வாடகை ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலத்தில் வண்டியை ஒப்படைத்து, வாடகையையும் பெட்ரோல் காசையும் கழித்து மிச்சத்தை அம்மாவிடம் கொடுக்கும் வழக்கமுடையவர், அந்த மாதங்களில் இரவு பதினோரு மணிக்கு முன்னால் வீடு திரும்பியதில்லை. இருட்டிய பின் தனியாக வரும் பெண்கள் ஏற மறுத்ததால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட அதிக நேரம் ஓட வேண்டியிருந்தது. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்காமல், பேருந்து நிலையத்தில் ஏறிய ஒரு பெண் வண்டிக்கு முன்னால் போய் நின்று, பதிவு எண்ணைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்ட பிறகே ஏறியதைச் சொன்னார். "எழுதிக்கறது நல்லதுதான். ஆனா என் மூஞ்சியப் பாத்துட்டே எழுதுச்சு" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார்.

பின்னாளில் வழக்கைப் பற்றிப் படித்தபோது அப்பாவின் மனத்தாங்கல் எனக்குப் புரிந்தது. சங்கர் தொடக்கத்தில் பெயிண்டராக இருந்தவர். ஆட்டோ ஓட்டியது கொஞ்ச காலம்தான். அதிலும் வண்டி பெரும்பாலும் சாராயம் கடத்தவே பயன்பட்டது, பணம் சேர்ந்தது சாராயத்திலும் விபச்சாரத்திலும்தான். "சாராய சங்கர்னு பேப்பர்காரன் போட்டிருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

செங்கல்பட்டு வழக்கறிஞர் எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் தந்தை கேட்டது நியாயமான கேள்வி. தீர்ப்புகளில்கூட அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. உச்ச நீதிமன்றமே சங்கரை அப்படித்தான் குறிப்பிடுகிறது.

நான் அவரைப் பார்த்ததில்லை. செங்கல்பட்டில் ஜூனியராகச் சேர்ந்தபோது அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் 1991 மே 31 அன்று அங்கே அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததைப் பற்றிச் சீனியர்கள் தேநீர் குடிக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்வார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் அவர் சென்னை மத்தியச் சிறையிலிருந்து தப்பி, ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்டதை ஒருவர் சொன்னால், மற்றவர் அதைத் தான் நேரில் பார்த்ததுபோல மறுத்துத் திருத்துவார். எல்லாவற்றையும் நம்ப முடியாது. ஆவணத்தில் இருப்பது இவ்வளவுதான்: 1992 ஜூலை 17 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது, 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

எனக்கு நெருக்கமான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. ரிமாண்டில் இருப்பவர்களிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்க நான் பலமுறை செங்கல்பட்டு கிளைச்சிறைக்குப் போயிருக்கிறேன். ஒரு மதியம் நூலகத்தில், பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றி எல்லோரும் மேற்கோள் காட்டும் 'ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு' தீர்ப்பை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். கல்லூரியில் படித்ததெல்லாம் சுருக்கம்தான். தீர்ப்பின் தொடக்கத்திலேயே, ஆட்டோ சங்கர் 1991இல் செங்கல்பட்டு கிளைச்சிறையில் இருந்தபோது 300 பக்கங்களில் தன் வரலாற்றை எழுதினார் என்று இருந்தது. அன்று காலையில்தான் அந்தச் சிறை வாசலில் நின்று, பேனா மை தீர்ந்துபோய் காவலரிடம் கடன் வாங்கியிருந்தேன்.

சிறை அலுவலர்களுக்குத் தெரிந்தே அந்தக் கையெழுத்துப் பிரதி மனைவியிடமும், பின்னர் வழக்கறிஞரிடமும் போனதாக, வழக்குத் தொடுத்த 'நக்கீரன்' இதழின் தரப்பு சொன்னது. அதில் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலரோடு அவருக்கு இருந்த தொடர்புகள் இருப்பதாக அந்த இதழ் அறிவிக்கவே, அந்தச் சுயசரிதையே பொய் என்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டி, சுகாஸ் சி. சென் ஆகியோர், தங்களைப் பற்றி அவதூறு வரும் என்று அஞ்சி வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரமில்லை, வெளிவந்த பிறகு வழக்குத் தொடரலாம் என்றும், பொது ஆவணங்களில் உள்ளதை ஒருவரின் சம்மதமின்றியே எழுதலாம், அதைத் தாண்டி அவரது வாழ்க்கைக்குள் நுழைந்தால் அந்தரங்க உரிமையில் தலையிட்டதாகலாம் என்றும் சொன்னார்கள்.

எனக்கு உறுத்திய செய்தி வேறு. யாருடைய வாழ்க்கைக் கதை என்று வழக்கு நடந்ததோ, அவர் அந்த வழக்கில் தரப்பினராகவே இல்லை; அவர் மனைவியும் இல்லை. எழுதினாரா, வெளியிடச் சொன்னாரா என்று அவரைக் கேட்காமலே சட்டம் வகுக்கப்பட்டது. அப்போது அவரது கருணை மனு குடியரசுத் தலைவரிடம் இருந்தது.

அஸ்தம்பட்டி எழுதியது:

எங்கள் வீடு சேலம் மத்தியச் சிறைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. என் தாய்மாமா அங்கே வார்டர். 1995 ஏப்ரல் 27, வியாழக்கிழமை, ஆட்டோ சங்கரை அங்கே தூக்கிலிட்ட நாள். முந்தைய இரவு பணிக்குப் போனவர் காலையில் திரும்பி வந்தார். அத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவரும் எதிர்பார்த்திருந்ததுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், சீருடையோடே கிணற்றடியில் உட்கார்ந்தார். அத்தை இறைத்து ஊற்றிய வாளிகளை எண்ணினேன், ஏழு. இழவு வீட்டிலிருந்து வருபவர்களுக்கும் அப்படித்தான் செய்வார்கள்.

தலை துவட்டியவர் இட்லியைத் தொடவில்லை. சிறுவனான நான், "மாமா, ஆட்டோ சங்கர் எப்படி இருந்தாரு?" என்று கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நான் வெளி கேட்ல நின்னேன்டா" என்றார். ஓய்வு பெற்ற பிறகும் அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. அன்று கிணற்றடியில் காயப்போட்ட சீருடையை மட்டும் அத்தை அடுத்த நாள் சலவைக்காரரிடம் போடாமல் தானே துவைத்தார்கள்.