புதுப்பிப்பு: கடலட்டைக்குச் சுழியோடிய தம்பியின் காது

முல்லைத்தீவில் சிலிண்டரோடு கடலட்டைக்கு இறங்கிய தம்பிக்கு இடது காது அடைத்து, இரைச்சலும் தலைச்சுற்றும் வந்ததென்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. உதவியது, "எண்ணெய் விடவேண்டாம், மூக்கைப் பொத்தி ஊதவேண்டாம், உடனே காது வைத்தியரிடம் போங்கோ" என்று ஒரு அக்கா எழுதியதுதான். வைத்தியர் இசைக்கவையை (தட்டினால் ஒலிக்கும் கவைபோன்ற உலோகக் கருவி) தட்டி நெற்றி நடுவில் வைத்தார். வலது பக்கம்தான் கேட்குது என்றான் தம்பி. வெறும் அடைப்பென்றால் அடைத்த பக்கமே கூடக் கேட்குமாம், ஆகவே இது உட்காதுக் காயம். கடலில் இறங்கும்போது காது அடைப்புத் திறக்காததால் மூக்கைப் பொத்திப் பலமாக ஊதியிருக்கிறான். ஸ்டீராய்டு குளிசை, தலையை உயர்த்திப் படுக்கை, பாரம் தூக்கக்கூடாது. தலைச்சுற்று பத்து நாளில் நின்றது, கேட்கும் திறன் பாதிக்குமேல் திரும்பிவிட்டது. நாங்கள் எதிர்பாராதது, செவிப்பறை கிழியவே இல்லை. அப்புறம், மேலே வந்தபிறகு தலைச்சுற்றுத் தொடங்கினால் அது உடம்புக்குள் உண்டாகும் வாயுக்குமிழாலும் இருக்கலாம், அதற்கு அழுத்த அறைச் சிகிச்சை (காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்துச் செய்வது) வேண்டும். எப்போது தொடங்கியதென்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கோ. தம்பிக்கு இரைச்சல் மட்டும் இரவில் இன்னும் இருக்கிறது.