மேசீஸ் 150 கடைகளை மூடுவது: சின்னக் கடை பெரிய கடைக்கு மாற்றாகுமா?

முல்லைக்கொடி:
2024 பிப்ரவரியில் மேசீஸ் என்ற அமெரிக்க டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனம் ஒரு திட்டத்தை அறிவித்தது. 2026 முடிவதற்குள் சுமார் 150 கடைகளை மூடிவிட்டு 350 கடைகளோடு தொடர்வோம் என்றார்கள். 2025 ஜனவரியில் அவற்றில் 66 கடைகளின் பட்டியல் வெளியானது. இன்னொரு பக்கம், மாலுக்கு வெளியே, பழைய கடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சின்னக் கடைகளைத் திறக்கிறார்கள். மூடுவதையும் திறப்பதையும் ஒன்றாகச் சேர்த்து "மாற்றம்" என்று பேசுகிறார்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. மூடுகிற ஊரும் திறக்கிற ஊரும் பெரும்பாலும் ஒன்றல்ல. இருக்கிற மால் நொடித்துப்போன ஊரில் மூடுகிறார்கள், வருமானம் கூடிய புறநகரில் திறக்கிறார்கள். இதை வட்டாரங்களைக் கைவிடுவது என்றுதான் நான் சொல்வேன். நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வரவுசெலவு:
உணர்ச்சிவசப்படாமல் எண்களைப் பார்ப்போம். அந்த 150 கடைகளும் நிறுவனத்தின் மொத்தப் பரப்பில் 25 விழுக்காடு. அவற்றிலிருந்து வந்த விற்பனையோ 10 விழுக்காட்டுக்கும் கீழே. கால்வாசி இடத்துக்கு விளக்கு, குளிர்சாதனம், வரி, காவல் எல்லாம் கட்டிவிட்டுப் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை என்றால் எந்த முதலாளியும் அதைத் தொடர மாட்டார். தொடர்ந்தால் மீதி 350-ம் சேர்ந்து மூழ்கும். பான்-டன் கதை தெரியும்தானே? கார்சன்ஸ், யங்கர்ஸ், ஹெர்பர்கர்ஸ் என்ற பெயர்களில் அமெரிக்காவின் மத்திய மேற்கு ஊர்களில் 250-க்கும் மேற்பட்ட கடைகள் வைத்திருந்தது. மூடுவதைக் கடைசிவரை தள்ளிப்போட்டு 2018-ல் திவாலாகி, ஒரே ஆண்டில் அத்தனையும் போயின. கொஞ்சத்தை நேரத்தோடு விட்டுக்கொடுக்காததால் மொத்தமும் போனது என்பேன்.

கல்லாக்காரர்:
வரவுசெலவு சார், அந்த 10 விழுக்காடு எப்படி வந்ததுன்னும் கேட்கணும். நான் வேறொரு சங்கிலிக் கடையில் பல வருஷம் தளத்தில் நின்னவன், பேர் வேண்டாம். ஒரு கடை மேல மேலிடத்துக்கு மனசு விட்டுப்போச்சுன்னா முதலில் ஆள் குறையும். காலணிப் பிரிவுக்கு இருந்த மூணு பேர் ஒருத்தராவார். அப்புறம் புது சரக்கு வராது, வேற கடையில் விற்காம மிச்சமானது வரும். ட்ரையல் ரூம் பாதி பூட்டியே கிடக்கும். வாடிக்கையாளர் அளவு கேட்டு நிற்பாங்க, உள்ளே போய்த் தேடி எடுத்துவர ஆள் இருக்காது. அவங்க போயிருவாங்க. வருஷக் கடைசியில் "இந்தக் கடை விற்பனை இல்லை"ன்னு அறிக்கை வரும். பட்டினி போட்டுட்டு எடை குறைஞ்சிருக்குன்னு எழுதினா எப்படி?

வரவுசெலவு:
அண்ணே, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் ஆள் குறைத்ததால் வாடிக்கையாளர் போனாரா, வாடிக்கையாளர் போனதால் ஆள் குறைத்தார்களா? என்னைப் பொறுத்தவரை பின்னதே முதலில் நடந்தது. துணி வாங்க டி.ஜே.மேக்ஸ், ராஸ் போன்ற தள்ளுபடிக் கடைகளுக்குப் போனார்கள், அழகுப்பொருளுக்கு உல்டா, வீட்டுப்பொருளுக்கு டார்கெட், எல்லாவற்றுக்கும் அமேசான். ஒரே கூரையின் கீழ் எல்லாம் கிடைக்கும் என்பதுதான் டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பலம். அதே வசதி இன்று கைபேசியில் இருக்கிறது.

முல்லைக்கொடி:
முந்தியது எது என்பதற்கு மேசீஸே ஒரு சோதனை நடத்திப் பதில் சொல்லியிருக்கிறது. 2024-ல் முதல் ஐம்பது என்று கடைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பெண்கள் காலணிப் பிரிவிலும் ட்ரையல் ரூம்களிலும் ஆட்களைக் கூட்டினார்கள், காட்சிப்படுத்தலைச் சீர்செய்தார்கள், வட்டார நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். மற்ற மேசீஸ் கடைகளில் விற்பனை சரிந்துகொண்டிருந்தபோது இந்த ஐம்பதில் ஏறியது. 2025-ல் அதை 125 கடைகளுக்கு விரித்தார்கள். புதிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஆள் நின்றார், அவ்வளவுதான். அப்படியென்றால் கல்லாக்காரர் அண்ணன் சொல்வது பொய்யில்லை. ஆள் போட்டால் விற்கும் என்று தெரிந்த பிறகும் 150 ஊர்களுக்கு அந்த வாய்ப்பு கொடுக்கப்படவில்லை.

வரவுசெலவு:
ஐம்பதையும் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. தொடரப்போகும் 350-க்குள்ளிருந்து எடுத்தார்கள். சுற்றிலும் வாங்கும் சக்தி இருக்கிற இடங்கள். பாதிக் கடைகள் காலியாகக் கிடக்கிற மாலின் ஓரத்தில் இருக்கும் கடைக்கு நான்கு பேரைக் கூடுதலாகப் போட்டால் அவர்களும் சும்மாதான் நிற்பார்கள்.

செங்கல்:
நான் வணிகக் கட்டிடக் குத்தகை வேலையில் இருக்கிறேன். மால்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலருக்குத் தெரியாத ஒரு சுழல் இருக்கிறது.

அமெரிக்க மாலின் மூலைகளில் இருக்கும் பெரிய கடைகளை ஆங்கர் என்பார்கள். மக்களை இழுத்துவருவது இவர்கள் என்பதால் வாடகை மிகக் குறைவு, பல இடங்களில் கட்டிடமும் மனையும் அவர்களுக்கே சொந்தம். நடுவில் இருக்கும் சின்னக் கடைகள்தான் சதுர அடிக்கு அதிகம் கொடுப்பார்கள். அந்தச் சின்னக் கடைக்காரர்களின் குத்தகையில் ஒரு நிபந்தனை இருக்கும்: இன்ன ஆங்கர், அல்லது இத்தனை ஆங்கர்கள் திறந்திருக்க வேண்டும், இல்லையேல் வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம், காலியும் செய்யலாம். ஆகவே ஒரு பெரிய கடை மூடினால் மாலின் வருமானம் அதோடு நிற்காது, சங்கிலியாகச் சரியும். சியர்ஸ் என்ற ஆங்கர் போனது, அதே மாலில் ஜே.சி.பென்னி என்ற இன்னொரு ஆங்கர் போனது, கடைசியில் மேசீஸ் மட்டும் நின்றது என்ற இடங்கள் பல. அங்கே மேசீஸின் விற்பனை குறைந்ததற்கு மேசீஸ் மட்டும் காரணமில்லை.

இன்னொன்று. ஆங்கர்களும் மால் உரிமையாளரும் போட்ட பழைய ஒப்பந்தங்களில், வண்டி நிறுத்துமிடத்தை மாற்றக்கூட எல்லா ஆங்கர்களின் சம்மதமும் வேண்டும் என்று இருக்கும். அதனால்தான் மூடிய மால்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன.

தாமிரா:
நான் வாங்குகிற பக்கத்திலிருந்து பேசுகிறேன். இரண்டு குழந்தைகளோடு மூன்று மாடிக் கடையில் ஏறி இறங்கி, எந்தப் பிரிவு எங்கே என்று தேடி, பில் போட கவுண்டரில் ஆளைத் தேடி... எனக்கு அது வேண்டாம். சின்னக் கடையில் காய்கறி வாங்கும் கடைக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தி, பத்து நிமிடத்தில் ஆன்லைனில் வாங்கியதை எடுத்துக்கொண்டு, பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரமுடிகிறது. முல்லை அக்கா, இது ஏன் குறைந்த சேவை ஆகும்?

முல்லைக்கொடி:
தாமிரா, அந்தக் கடை உன் ஊரில் இருப்பதால் உனக்கு அது நல்ல சேவை. அதில் எனக்கு மறுப்பே இல்லை. மூடிய ஊரில் இருப்பவருக்கு அது எங்கே என்பதுதான் என் கேள்வி. சுருங்கிய கடையில் எது சுருங்குகிறது என்றும் பார். பெரிய அளவு உடைகள், ஆண்களுக்கான கோட்டு, மெத்தை, சமையல் பாத்திரம், இவைதான் முதலில் போகும். போட்டுப் பார்க்காமல், தொட்டுப் பார்க்காமல் வாங்க முடியாதவை எவையோ அவையே போகின்றன. நார்ட்ஸ்ட்ராம் என்ற இன்னொரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனம் 2017-ல் லாஸ் ஏஞ்சலஸில் 3,000 சதுர அடியில் ஒன்று திறந்தது, அதில் விற்க சரக்கே கிடையாது. தையல்காரர் இருப்பார், ஆலோசகர் இருப்பார், ஆர்டரை எடுத்துக்கொள்ளலாம். சுற்றுவட்டாரத்தில் முழுக் கடைகள் இருக்கும் பெருநகரத்தில் அது துணைக்கடை. முழுக் கடையே இல்லாத ஊரில் அது எதற்குத் துணை?

வரவுசெலவு:
மூடிய ஊரில் திறப்பதே இல்லை என்பது சரியில்லை. செயின்ட் லூயிஸ் பக்கம் செஸ்டர்ஃபீல்ட் மாலில் இருந்த பெரிய மேசீஸ் போனது. பிறகு அதே செஸ்டர்ஃபீல்டில், ஆட்கள் போய்வருகிற திறந்தவெளி வளாகத்தில் சின்னக் கடை வந்தது. பிரிட்டனில் மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் 2022-ல், உடையும் உணவும் விற்கும் முழுக் கடைகளை 247-லிருந்து 180 ஆகக் குறைத்து, உணவுக் கடைகளை நூற்றுக்குமேல் கூட்டுவோம் என்று அறிவித்தது. லிவர்பூலிலும் பர்மிங்காமிலும் டெபனம்ஸ் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் காலிசெய்த இடத்துக்கே அவர்கள் புதுக் கடையை மாற்றிக்கொண்டார்கள். ஊரை விட்டு ஓடவில்லை, ஊருக்குள் இடம் மாறினார்கள். அப்படி மாறாமல் இருந்த டெபனம்ஸின் கடைகள் 2021 மே மாதத்தோடு மூடப்பட்டன.

முல்லைக்கொடி:
செஸ்டர்ஃபீல்ட் செயின்ட் லூயிஸின் வசதியான புறநகர். நான் சொன்னதற்கு எதிராக அது எதையும் காட்டவில்லை.

ஓசாகாவாசி:
ஜப்பானில் இதன் அடுத்த கட்டம் நடந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். யமகதா நகரில் ஓனுமா என்ற கடை, 1700-ல் தொடங்கியது. 2020 ஜனவரியில் திடீரென்று திவாலானது. யமகதா மாகாணத்தில் அதோடு டிபார்ட்மென்ட் ஸ்டோரே இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் தொகுஷிமாவில் சோகோ மூடியது, அந்த மாகாணமும் காலி. 2024 ஜனவரியில் ஷிமானேயில் இச்சிபாதா, ஜூலையில் கிஃபுவில் தகாஷிமாயா. டோக்கியோ, ஓசாகா கடைகளுக்கோ வெளிநாட்டுப் பயணிகள் வந்து குவிகிறார்கள். ஒரே தொழில், தலைநகரில் வாழ்கிறது, மாகாணத்தில் சாகிறது.

ஆனால் தொகுஷிமாவில் நடந்த ஒன்று இங்கே பேசுவதற்குப் பொருந்தும். சோகோ இருந்த அதே கட்டிடத்தில் பிறகு மிட்சுகோஷி சிறிய அளவில் கடை திறந்தது. ஆண்டின் நடுவிலும் கடைசியிலும் ஜப்பானியர் அனுப்பும் மரியாதைப் பரிசுகளுக்கு நல்ல கடையின் உறைத்தாள் சுற்றியிருக்க வேண்டும். அந்தத் தேவை மாகாணத்திலும் மறையவில்லை, அதற்கு முழுக் கட்டிடமும் வேண்டியிருக்கவில்லை. ஆக, ஊருக்கு எது உண்மையில் தேவை என்று பார்த்துச் சின்னக் கடை வைத்தால் அது நிற்கும். தலைமையகத்தில் ஒரே வரைபடம் போட்டு எல்லா ஊருக்கும் அனுப்பினால் நிற்காது.

கல்லாக்காரர்:
ஓசாகாவாசி சொன்ன இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். அமெரிக்காவில் அந்த வட்டார அறிவு முன்னாடி இருந்தது. பிட்ஸ்பர்கில் காஃப்மன்ஸ், ஹூஸ்டனில் ஃபோலீஸ், சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட்ஸ், செயின்ட் லூயிஸில் ஃபேமஸ்-பார். எந்த மாசம் எந்த ஊரில் கனத்த கோட்டு போகும், எங்கே எந்த அளவு சீக்கிரம் தீரும்னு அந்தந்த ஊரில் உட்கார்ந்த கொள்முதல்காரருக்குத் தெரியும். 2005-ல் மேசீஸின் தாய் நிறுவனம் ஃபெடரேட்டட், இந்தக் கடைகளையெல்லாம் கையில் வச்சிருந்த "மே" என்ற நிறுவனத்தை வாங்கிச்சு. 2006 செப்டம்பரில் ஏறக்குறைய 400 கடைகளுக்குப் பெயரை மாத்தி எல்லாம் மேசீஸ் ஆச்சு. சிகாகோவில் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினாங்க. அப்புறம் 2008-ல் "மை மேசீஸ்"னு ஒரு திட்டம் கொண்டுவந்து, ஊருக்கேற்ற சரக்குன்னு ஆரம்பிச்சாங்க. கலைச்சதையே திரும்பக் கட்டப் பார்த்தாங்க. பிட்ஸ்பர்க் நகர மையத்துக் கடை 2015-ல் மூடியாச்சு.

செங்கல்:
இதே நாட்டில் டில்லார்ட்ஸ் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனத்தைப் பாருங்கள். ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் தலைமையகம், தெற்கு மாநிலங்களில்தான் பெரும்பான்மைக் கடைகள், பெரும்பாலும் மால்களுக்குள்தான். லாபம் ஈட்டுகிறது. கட்டிடங்களில் பெரும்பகுதி சொந்தம், கடன் குறைவு, தள்ளுபடிக்குப் பின்னால் ஓடாமல் சரக்கைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். சியர்ஸுக்கும் சொந்தக் கட்டிடங்கள் இருந்தன. 2015-ல் 235 கடைகளின் கட்டிடங்களை செரிடேஜ் என்ற புது நிறுவனத்துக்கு மாற்றி, சுமார் 270 கோடி டாலர் வாங்கிக்கொண்டு, தன் கடையிலேயே வாடகைக்கு இருந்தது. 2018 அக்டோபரில் திவால். வந்த பணம் கடையைப் புதுப்பிக்கப் போயிருந்தால் நிலைமை வேறாகியிருக்கலாம். மேசீஸைக் கைப்பற்ற ஆர்க்ஹவுஸ், பிரிகேட் முதலீட்டாளர்கள் கேட்டு வந்தபோதும் அவர்கள் கண் நிலத்தின்மீது இருந்தது என்றே நான் நினைக்கிறேன். 2024 ஜூலையில் மேசீஸ் பேச்சை முறித்தது நல்லது.

மால்களை விட்டு வெளியே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு கோல்ஸ் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலிதான் பதில். அவர்கள் ஆரம்பத்திலிருந்தே பெரும்பாலும் மாலுக்கு வெளியேதான். 2019-ல் எல்லாக் கடைகளிலும் அமேசான் பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள், 2021 முதல் உள்ளேயே செபோரா அழகுப்பொருள் கடைகளை வைத்தார்கள். ஆட்கள் வந்தார்கள், ஆனால் சொந்தத் துணி போதிய அளவு விற்கவில்லை. 2025 ஜனவரியில் 27 கடைகளை மூடுவதாக அறிவித்தார்கள்.

வரவுசெலவு:
டில்லார்ட்ஸ் கணக்கு வலுவானதுதான். ஆனால் அது சுமார் 270 கடை. கட்டுப்பாடு ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும் நிறுவனம் பொறுமையாக இருக்கலாம், வெளி முதலீட்டாளர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுத்தைப் பிடிக்கும் நிறுவனம் அப்படி இருக்க முடியாது. மூடுவதைத் தள்ளிப்போட்ட நிறுவனங்கள் பிழைப்பது அரிது. 1670-ல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே என்ற கனடிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனம் 2025 மார்ச்சில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது, ஜூன் தொடக்கத்தில் கனடா முழுக்க ஒரு கடையும் இல்லை.

தாமிரா:
மூடிய கட்டிடங்களை ஊர் எடுத்துக்கொண்டால் என்ன? வெர்மான்டின் பர்லிங்டனில் உயர்நிலைப் பள்ளிக் கட்டிடத்தில் நச்சு வேதிப்பொருள் கண்டுபிடித்ததும், 2021-ல் மாணவர்களைக் காலியான மேசீஸுக்குள் கொண்டுவந்தார்கள். எஸ்கலேட்டரில் ஏறி வகுப்புக்குப் போனார்கள். இங்கிலாந்தில் குளோஸ்டரில் பழைய டெபனம்ஸ் கட்டிடம் பல்கலைக்கழக வளாகத்துக்காக எடுக்கப்பட்டது. கடையே திரும்ப வேண்டும் என்று நிற்பதைவிட இது நல்லதில்லையா?

முல்லைக்கொடி:
நல்லதுதான், தாமிரா. ஆனால் பர்லிங்டன் கட்டிடம் நகர மையத்தில் இருந்ததால் பள்ளிக்குப் பயன்பட்டது. நெடுஞ்சாலை ஓரத்து மாலில் பேருந்து வராது, நடந்து போக முடியாது. நிறுவனத்திடம் நான் கேட்பது, கடையை என்றென்றும் நடத்து என்பதல்ல. மூடுவதற்கு முன்னால் ஒரு வருடம் அந்த ஐம்பதில் போட்டதுபோல ஆளும் சரக்கும் போட்டுப் பார். அப்போதும் வராவிட்டால் மூடு. விற்கும்போது, இன்ன வகைக் கடை இங்கே வரக்கூடாது என்று பத்திரத்தில் தடை எழுதிவிட்டுப் போகாதே.

வரவுசெலவு:
பத்திரத் தடை கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஒரு வருடச் சோதனைக்கு உடன்பட மாட்டேன். 150 கடைக்கு அந்தச் செலவைப் போட்டால், தொடரும் கடைகளின் புதுப்பிப்பு நின்றுவிடும்.

கல்லாக்காரர்:
பணியாளரை ஒருத்தரும் சொல்லலையே. கடை மூடினா 60 நாள் முன்னறிவிப்பு தரணும்னு அமெரிக்க மத்தியச் சட்டம் இருக்கு. ஆனா ஓரிடத்தில் 50 பேருக்குக் குறையாம வேலை போகணும், பகுதிநேரத்துக்காரங்க அந்தக் கணக்கில் சேர மாட்டாங்க. வருஷக்கணக்கா ஆளைக் குறைச்சு, மிச்சத்தையும் பகுதிநேரமா மாத்தின கடையில் அந்த 50 பேர் எங்கே இருப்பாங்க? சில மாநிலங்களில் சட்டம் இன்னும் கடுமை, அது வேற. கிளியரன்ஸ் பலகையை நாங்களே தொங்கவிட்டோம், எங்களுக்கு எப்போ கடைசி நாள்னு மேலாளருக்கும் தெரியலை. வரவுசெலவு சார், உங்க கணக்கில் இதுக்கு எந்தப் பக்கம் இடம்?

வரவுசெலவு:
செலவுப் பக்கம், அண்ணே. 60 நாள் சம்பளத்தைப் பகுதிநேரத்தவருக்கும் சேர்த்து மூடும் செலவில் எழுத வேண்டும் என்பேன். அதற்கு மேல், அந்த ஊரில் கடை தொடர வேண்டும் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை.