எல்க் அடிச்சா கறிய இறக்க ஆளுங்க வருவாங்கன்னு நம்பி உள்ள போகலாமா?

குளிர்மலை:
எல்லாருக்கும் வணக்கம். கொலராடோல ஃபர்ஸ்ட் ரைஃபிள் சீசனுக்கு ட்ராவுல (குலுக்கல்ல) புல் எல்க் டேக், அதாவது எல்க்ங்கற பெரிய மான்ல ஆண் ஒண்ண சுட அனுமதிச்சீட்டு, கிடைச்சிருக்கு, தனியாத்தான் போறேன். நான் பாத்து வச்சிருக்க இடம் வில்டர்னஸ் (சட்டப்படி பாதுகாத்த காடு) எல்லைக்குள்ள வருது, ட்ரெயில்ஹெட்ல (வண்டிய விட்டு நடக்க ஆரம்பிக்கற இடம்) இருந்து 5 மைல், அதுல கடைசி ஒன்றரை மைலுக்கு பாதையே கிடையாது, விழுந்து கிடக்கற மரத்த தாண்டித் தாண்டித்தான் போகணும். கோடைல நேர்ல போய் பாத்தேன், புல்லெல்லாம் படுத்து கிடக்கு, மண்ணுல புரண்ட குழி இருக்கு, நல்ல இடம்.

யோசனை என்னன்னா கறிய வெளிய கொண்டு வர்றது. நாலு பேர் "அடிச்சா ஒரு மெசேஜ் போடு, வந்து தூக்கிடலாம்"னு சொல்லிருக்காங்க. ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவர் ஒருத்தர், துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்சுல பழக்கமானவங்க ரெண்டு பேர், அப்புறம் என் மச்சான். சாட்டிலைட் மெசெஞ்சர் கைல இருக்கு. இவங்கள நம்பி அவ்வளவு தூரத்துல ஒரு எல்க்க சுடறது சரியா? ஆள் வர்ற வரைக்கும் கறி தாங்குமா? இல்ல குதிரைக்காரங்கள பாக்கணுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழையபாதை:
தம்பி, டேக் கிடைச்சதுக்கு வாழ்த்துகள். சுடறதுக்கு முன்னாடியே இதக் கேக்கறீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம்.

முதல்ல எடைய பாத்துருவோம். வளர்ந்த ஆண் எல்க் உயிரோட 700 பவுண்டு பக்கம் இருக்கும், எலும்பெடுத்த கறி மட்டுமே 200 பவுண்டு வாக்குல வரும். எலும்போட எடுத்தா பின்தொடை ஒண்ணே 60 பவுண்டு, முன்சப்பை 35, 40, அது போக பேக்ஸ்ட்ராப் (முதுகுக்கறி), டெண்டர்லாயின் (முதுகெலும்புக்கு உள்பக்கக் கறி), கழுத்துக்கறி, விலாக்கறி எல்லாம் சேந்து ஒரு மூட்டை, தலையும் கொம்பும் தனி. நல்ல உடம்பு உள்ள ஆள் எலும்பெடுத்துக் கட்டினா நாலு நடை, தலையோட அஞ்சு. நாலு மூட்டைன்னா சுமையோட நாலு தடவை இறங்கணும், வெறும் பேக் ஃப்ரேமோட (முதுகுல சுமை கட்டற சட்டம்) மூணு தடவை ஏறணும், 5 மைல் தூரத்துக்கு அது 35 மைல், தலையும் சேந்தா 45 மைல். அதுவும் 10,000 அடி உயரத்துல, மூச்சு வாங்கற காத்துல. சீசனே 5 நாள்தான்.

இப்ப ஆளுங்க விஷயம். வர்றேன்னு சொன்னவங்க மனசார சொன்னதுதான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா நீங்க மெசேஜ் போடறது ஒரு வேலை நாள் சாயங்காலமா இருக்கும், ஒருத்தருக்கு லீவு கிடைக்காது, ஒருத்தர் வீட்டுல குழந்தைக்கு ஜுரம், இன்னொருத்தர் தன் டேக்கோட வேற மலைல இருப்பார், போனே எடுக்காது. வர்றவர் கிளம்பி, வண்டி ஓட்டி, ராத்திரி தூங்கி, 5 மைல் ஏறி வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆயிடும். இதெல்லாம் போக, 60 பவுண்டு சுமையோட மலை இறங்கிப் பழக்கம் இருக்கான்னு அவங்கள கேட்டிருக்கீங்களா? ரேஞ்சுல நல்லா சுடறவர் முட்டி விழுந்த மரத்துக்கு நடுவுல என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது, அவர் கால் மடங்கிட்டா அப்புறம் கறியா ஆளான்னு ஆயிடும். ரெஸ்க்யூ டீம் ஆளத்தான் இறக்குவாங்க, கறிய இல்ல.

அதனால நான் வச்சிருக்க விதி ஒண்ணே ஒண்ணு. யாருமே வரலன்னா நான் ஒருத்தனே கெடாம இறக்கக்கூடிய தூரத்துலதான் ட்ரிக்கர தொடுவேன். யாராவது வந்தா சந்தோஷம், நடை குறையும். தனி ஆளுக்கு அந்த தூரம் இடத்தப் பொறுத்து ஒன்றரை ரெண்டு மைல்தான், 5 மைல் இல்ல.

கறி தாங்குமான்னா, வெட்டற விதத்துலதான் இருக்கு. எல்க்கோட தோல் கனம், அதுக்கு மேல குளிர்கால முடி வேற, வெளிய பனி பெஞ்சாலும் உள்ள சூடு அப்படியே நிக்கும். முதல்ல கெடறது இடுப்பு மூட்டுப் பக்கம், எலும்ப ஒட்டி, வெளிய பாக்க சிவப்பா நல்லாத்தான் இருக்கும், கத்திய விட்டு மூட்டப் பிரிச்சா குப்புன்னு புளிச்ச நாத்தம் வரும். அதனால விழுந்த உடனே தோல உரிச்சு, வயித்த திறக்காம ஒரு பக்கத்து தொடை, சப்பை, பேக்ஸ்ட்ராப் எடுத்து, புரட்டிப் போட்டு மறுபக்கம் எடுத்துருங்க, டெண்டர்லாயின கடைசி விலாவுக்குப் பின்னாடி கைய விட்டு எடுக்கலாம். ஹெட்லாம்ப் வெளிச்சத்துல வெறும் தொடைல இருந்து ஆவி கிளம்பறது கண்ணுக்கே தெரியும், அந்த ஆவி நிக்கற வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காதீங்க. காத்து போற துணிப் பையில (கேம் பேக்) போட்டு வடக்கு சரிவுல, நிழல்ல, காத்து படற கிளைல தொங்க விடுங்க, பிளாஸ்டிக் பையில கட்டவே கட்டாதீங்க. ராத்திரி உறைஞ்சு பகல்லயும் நிழல்ல 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள்ள இருந்தா ரெண்டு மூணு நாள் தாராளமா தாங்கும். பகல்ல 60, 65 போச்சுன்னா அத நம்பாதீங்க. செப்டம்பர் வில்லு சீசன்ல இந்தப் பேச்சே கிடையாது, மணிக்கணக்குதான்.

சட்டமும் இருக்கு. தின்னக்கூடிய கறிய வீணாக்கினா குத்தம், கொம்ப மட்டும் எடுத்துட்டு உடம்ப விட்டுட்டு வந்தா கொலராடோல ஃபெலனி வரைக்கும் போகும். ஆள் வரலங்கறத எந்த ஆபீசரும் காரணமா எடுத்துக்க மாட்டார், எடுத்துக்கவும் கூடாதுன்னுதான் நான் நினைக்கறேன், உயிர எடுத்தது நாமதானே.

மூணுகழுதை:
அண்ணன் சொன்னதுக்கு மேல ரெண்டு விஷயம்.

கேம் கார்ட் (கறி இழுக்கற தள்ளுவண்டி) வாங்கற யோசனை இருந்தா விட்ருங்க ப்ரோ, 1964 வில்டர்னஸ் சட்டப்படி உள்ள மோட்டார் மட்டும் இல்ல, சக்கரம் வச்ச தள்ளுவண்டியும் கூடாது.

குதிரைக்கு இப்பவே போன் பண்ணுங்க, அடிச்சதுக்கு அப்புறம் பண்ணினா லேட். அவுட்ஃபிட்டருக்கு (வேட்டைக்கு குதிரையும் ஆளும் ஏற்பாடு பண்றவர்) அவரோட சொந்த கிளையண்ட் இருப்பாங்க, குதிரை எல்லாம் அவங்களுக்குத்தான் முதல்ல போகும், உங்களுக்கு ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்னு சொல்லுவார். எந்த நாள் வர முடியும், பாதை இல்லாத அந்த ஒன்றரை மைலுக்கு வருவாரா இல்ல பாதை வரைக்கும் நீங்களே கொண்டாந்து வைக்கணுமா, எல்லாத்தையும் முன்னாடியே பேசிருங்க, விழுந்த மரத்துக்குள்ள குதிரை வராது. அப்புறம் காசு குடுத்து கூப்பிடறதா இருந்தா கொலராடோல ரெஜிஸ்டர் ஆன அவுட்ஃபிட்டரா, அந்த காட்டுக்கு ஃபாரஸ்ட் சர்வீஸ் பர்மிட் இருக்கான்னு கேளுங்க. குதிரை வச்சிருக்க தெரிஞ்சவருக்கு பணம் குடுத்து தூக்கச் சொல்றது சட்டப்படி தப்பு, மாட்டினா அவருக்குத்தான் கஷ்டம்.

லாமா (சுமை தூக்கற ஒட்டக வகை மிருகம்) வாடகைக்கு எடுக்கறதும் ஒரு வழி, ஒண்ணு 60, 70 பவுண்டு தூக்கும், குதிரை தெரியாதவங்களும் சமாளிக்கலாம், ஆனா சீசனுக்கு ரொம்ப முன்னாடியே புக் ஆயிடும்.

காட்டுப்பூ:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். பழையபாதை அண்ணா சொன்ன கணக்கு சரி, ஆனா ஆள நம்பவே கூடாதுன்னு எடுத்துக்க வேண்டாம். நானும் வீட்டுக்காரரும் ஒவ்வொரு சீசனும் இன்னொரு குடும்பத்தோட இப்படித்தான் போறோம், யாருக்கு டேக் இருந்தாலும் நாலு பேரும் போய் இறக்குவோம், கறிய சமமா பிரிச்சுக்குவோம். அடுத்தவங்க கறிய தோள்ல போட்டு இறங்கற சந்தோஷம் தனி, அத யாரும் இழக்கக் கூடாது.

வித்தியாசம் என்னன்னா எங்க ஆள் வீட்டுல உக்காந்து மெசேஜுக்கு காத்திருக்க மாட்டாங்க, ட்ரெயில்ஹெட்லயே கேம்ப் போட்டு லீவு எடுத்து இருப்பாங்க. அதனால நாலு பேர விடுங்க, ஒருத்தர பிடிங்க. உங்க மச்சான் கிட்ட போய் "இந்த 5 நாளும் என் கூட வர முடியுமா"ன்னு நேரா கேளுங்க, பெட்ரோலும் சாப்பாடும் உங்க செலவுன்னு சொல்லுங்க, கறில பங்கும் சொல்லுங்க. அவர் தயங்கினார்னா உங்களுக்கு பதில் இப்பவே கிடைச்சுது, கோவப்படவும் வேண்டாம்.

வர்றவருக்கு டேக் இல்லன்னாலும் ஆரஞ்சு வெஸ்டும் தொப்பியும் போட்டு விடுங்க, ரைஃபிள் சீசன்ல முதுகுல கொம்போட ஒருத்தர் மரத்துக்கு நடுவுல நடந்து வர்றது தூரத்துல இருந்து எப்படித் தெரியும்னு யோசிங்க, கொம்புலயும் ஆரஞ்சு துணி கட்டுங்க. மேப் பின் மட்டும் அனுப்பாம, எந்த ஓடையத் தாண்டி எந்தப் பக்கம் ஏறணும்னும் எழுதி அனுப்புங்க. ஐடஹோ பக்கம் போனா நீங்க அடிச்ச கறிய வேற ஒருத்தர் தனியா கொண்டு போக உங்க கையெழுத்து போட்ட ப்ராக்ஸி பேப்பர் வேணும், மத்த ஸ்டேட்லயும் இப்படி ஏதாவது இருக்கும், ரூல் புக்க பாத்துக்கோங்க.

குளிர்மலை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 35 மைல்னு பாத்தப்புறம் அந்த 5 மைல் இடத்த இந்த வருஷம் விட்டுட்டேன். அதே ஓடைல கீழ, பாதைக்கு மேல ஒரு டிம்பர் பெஞ்ச் (சரிவுக்கு நடுவுல மரம் அடர்ந்த சமதளம்) இருக்கு, ட்ரெயில்ஹெட்ல இருந்து ரெண்டு மைலுக்குள்ள, அங்கயும் தடம் பாத்தேன், கம்மிதான். மச்சான்கிட்ட நேரா கேட்டேன், மூணு நாள் லீவு போடறேன்னார், அவருக்கு இப்பவே மூட்டை கட்டி நடக்க ஆரம்பிக்கச் சொல்லிருக்கேன். ஒரே ஒரு டவுட், முதல் மூட்டைய இறக்கிட்டு திரும்பி வர்ற வரைக்கும் மீதி கறிய கரடி விட்டு வைக்குமா?

பழையபாதை:
நல்ல முடிவு தம்பி. கொலராடோல கருங்கரடிதான், ஆனா அக்டோபர்ல குளிர்கால தூக்கத்துக்கு முன்னாடி அது ஓயாம தின்னுட்டே இருக்கும். கறிய குடல் கிடக்கற இடத்துல இருந்து குறைஞ்சது 100 கஜம் தள்ளி, முடிஞ்சா காத்து வர்ற பக்கமா கொண்டு போய் உயரமா தொங்க விடுங்க. தொங்க விடற மரம் தூரத்துல இருந்தே கண்ணுக்குப் படற மாதிரி இருக்கணும், திரும்பி வரும்போது 200 கஜத்துலயே நின்னு பைனாகுலர்ல பாத்து, சத்தம் குடுத்துட்டு கிட்ட போங்க. மொன்டானா, வயோமிங் பக்கம் கிரிஸ்லி இருக்க காட்டுல கரடி கறி மேல உக்காந்துட்டா விட்டுட்டு திரும்பி வந்து ஸ்டேட் ஆபீசுக்கு சொல்லணும், சண்டை வேண்டாம்.

இன்னொண்ணு, உங்க யூனிட்ல (வேட்டைப் பகுதில) சிடபிள்யூடி, அதாவது மான் வகைக்கு வர்ற மூளை நோய், டெஸ்ட் கட்டாயமான்னு பாத்துக்கோங்க, கட்டாயம்னா தலைய இறக்கியே ஆகணும், அந்த அஞ்சாவது மூட்டைய மச்சானோட சேத்து கணக்கு போட்டு வைங்க.