‘ஸ்டாப் ஜாப்’ தமிழில் என்ன? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரே ஒரு வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆய்வகக் கணினிகளை இயக்கும் உபுண்டுவில் (விண்டோஸ் போல ஒரு இயங்குதளம்) அப்டேட் போட்ட அன்று மெஷின் அணைய நேரமாகிறது. எஸ்கேப் விசையைத் தட்டிப் பார்த்தால், கறுப்புத் திரையில் சிவப்பு நட்சத்திரம் இங்கும் அங்கும் ஓட, பக்கத்தில் ‘எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று வந்து 1 நிமிடம் 30 நொடி வரை எண்ணுகிறது. பிள்ளைகள் அதுவரை நிற்பதில்லை, சுவரில் இருக்கிற ஸ்விட்சைத் தட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள். ‘வேலைநிறுத்தம் நடைபெறுகிறது’ என்று எழுதிவைத்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “டீச்சர், கம்ப்யூட்டர் எந்தச் சங்கம்?” என்கிறான்.
– வில்லிவாக்கம்

அம்மா, ‘அணைத்தல்’ தழுவுவதற்கும் ஆகும், ‘நிறுத்தம்’ என்றால் பஸ் ஸ்டாப். நல்ல சொல் கல்வெட்டிலேயே கிடக்கிறது. சோழர் காலத்தில் 96 ஆடு விட்டு (சாவா மூவாப் பேராடு!) ஏற்றிவைத்தது திருநந்தா விளக்கு. நந்தா என்றால் அணையாத, ஆக அணைவது நந்தல். அதோடு நந்து என்றால் நத்தையும்தான், மரபியலில் ‘நந்தும் முரளும் ஈரறிவினவே’ என்கிறார் தொல்காப்பியர். மெதுவாக அணைகிற கணினிக்கு ஒரே சொல்லில் இரண்டு பொருளும் வேறெங்கே கிடைக்கும்? ‘நந்துபணி’ என்று வையுங்கள்.
– மயிலாப்பூர்

ஐயா, அகராதியில் நந்துதலுக்குப் பெருகுதல் என்றும் போட்டிருக்கிறதே, அதை என்ன செய்வது? எங்கள் தெருவில் நந்து என்பது ஒரு பையன் பெயர்.

அங்கே நடப்பது என்ன என்று பார்ப்போம். சிஸ்டம்டி (உபுண்டுவில் எல்லாவற்றையும் தொடங்கி நிறுத்துகிற நிரல்) ஒவ்வொரு சர்வீஸிடமும், அதாவது பின்னால் ஓடும் நிரலிடமும், ‘முடித்துக்கொள்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது, 90 நொடியாகியும் கேட்காததைக் கொன்றுவிடுகிறது. அப்டேட் பாதியில் இருந்தால் அது முடிய இன்னும் நேரமாகலாம். அப்போது கரண்டைப் பிடுங்கினால் பொதிகள் (மென்பொருள் பேக்கேஜுகள்) அரைகுறையாக நிற்கும், மறுநாள் டீச்சர்தான் உட்கார்ந்து அவற்றை நிறுவி முடிக்க டிபிகேஜி கன்ஃபிகர் கட்டளையை ஓட்ட வேண்டும். எது இழுத்தடித்தது என்பதை ‘ஜர்னல்சிடிஎல் -பி -1’ (journalctl -b -1) என்ற கட்டளை, போன தடவை ஓடியபோது எழுதிய பதிவிலிருந்து காட்டும். 90 நொடியை உடனே குறைக்காதீர்கள், முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள்.

ரங்கநாதன் தெருவில் ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருப்பவர்களுக்கு பில் போடுவார்களே, இது அதுதான். ‘மூடுபணி’ என்கிறேன். 90 நொடிக்குக் ‘கெடு’.
– தரமணி

மூடுபணியா, மூடுபனியா? சென்னைப் பிள்ளைகள் வாயில் ணகரம் எந்தக் காலத்தில் நின்றது? கெடு சரி.
– மயிலாப்பூர்

எங்கள் பாட்டி விளக்கை அணை என்று சொல்லவே விடமாட்டார், ‘குளிர வை’ என்பார். கணினியையும் குளிர வைக்கலாமே.
– அம்பத்தூர்

அழகான சொல்தான் சார், ஆனால் பையன்கள் ஏசியைக் கூட்டிவிடுவார்கள்.

இரண்டு பேர் தனிமடலில் மூடுபணிக்கே கை தூக்கியிருக்கிறார்கள், எனக்கும் வேறு வழியில்லை. பனிக்குழப்பம் வராமல் இருக்கப் பிரித்துப் போட்டுவிட்டேன்: ‘மூடும் பணி நடக்கிறது. கெடு 90 நொடி, அப்டேட் ஓடினால் இன்னும் ஆகும். ஸ்விட்சைத் தொடாதே.’
– வில்லிவாக்கம்

பிரித்தால் அது கலைச்சொல் இல்லை, வாக்கியம். சரி, அச்சுக்குப் போகுமுன் அடைப்புக்குறிக்குள் ‘நந்துபணி’ என்றாவது சேர்த்துவிடுங்கள் அம்மா.
– மயிலாப்பூர்