ரூல்-அவுட் டெஸ்ட்: ‘இன்மையறி சோதனை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நோய் இல்லை என்று உறுதிசெய்ய உதவும் சோதனையை ஆங்கிலத்தில் ‘ரூல்-அவுட் டெஸ்ட்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் ஐயா தந்த ‘விலக்குச் சோதனை’ சுருக்கமான சொல்தான். ஆனால் இதய வால்வு மாற்றிக்கொள்ள வந்த நோயாளி அதைக் கேட்டால் தடை, வரிச்சலுகை, மாதவிலக்கு எல்லாம் நினைவுக்கு வரும், சோதனையின் வேலை மட்டும் வராது.

அந்த வேலையைப் பார்ப்போம். இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கியிருப்பதை எக்கோ என்கிற ஒலியலைப் படம் காட்டிவிடும். அடுத்த கேள்வி, இதயத் தமனிகளில் அடைப்பு உண்டா என்பது. 40 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் அறுவைக்கு முன் ஆஞ்சியோகிராம், அதாவது குழாய் செலுத்திச் சாய மருந்து ஏற்றி எடுக்கும் தமனிப் படம், செய்வது நெடுநாள் வழக்கம். அப்புறம், நெஞ்சைத் திறக்காமல் ரத்தக் குழாய் வழியே வால்வைப் பொருத்தும் டாவி (TAVI) முறை வந்தது. 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் மருத்துவர் அலன் கிரிபியே தொடங்கிவைத்தது. இதற்கு வால்வு வளையத்தின் அளவும் தொடைத் தமனியின் அகலமும் தெரிய எப்படியும் சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். அதிலேயே இதயத் தமனிகள் தெளிவாகவும் அடைப்பின்றியும் தெரிந்தால் பலருக்கு ஆஞ்சியோகிராம் தேவைப்படாது. சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு இன்னொரு தடவை சாய மருந்து ஏற்றாமல் தப்புவது பெரிய விஷயம்.

ஆனால் சிடி ‘அடைப்பு இல்லை’ என்றால் நம்புகிற அளவுக்கு ‘இருக்கிறது’ என்பதை நம்ப முடியாது. சுண்ணாம்பு படிந்த இடம் படத்தில் ஊதித் தெரியும், குறுகல் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும். அப்போது ஆஞ்சியோகிராம் செய்துதான் பார்க்க வேண்டும். ஆக, சிடி சோதனையின் வலு ‘இல்லை’ என்று சொல்வதில்தான். அதனால் ‘இன்மையறி சோதனை’ என்கிறேன். அடுத்து வரும் ஆஞ்சியோகிராம் ‘உறுதிச் சோதனை’.

இன்மை என்றால் வறுமை அல்லவா என்று கேட்கலாம். தூக்கமின்மை, பசியின்மை என்று மருத்துவத் தமிழில் அது ஏற்கெனவே புழங்குகிறது, யாரும் குழம்புவதில்லை.

‘வடிகட்டு சோதனை’ வேண்டாம். நோய்க்குறி இல்லாதவர்களிடையே நோயைத் தேடுவதற்கு அதை வைத்துக்கொள்வோம். ‘முன்சோதனை’யும் பொருந்தாது. பெருந்தமனி வால்வில் கிருமித்தொற்றுக் கட்டி இருந்தால், ஆஞ்சியோகிராம் குழாய் பட்டு அது பெயர்ந்துவிடலாம் என்பதால் சிடியோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. பின்சோதனையே இல்லாத இடத்தில் ‘முன்’ எதற்கு?

ஒப்புதல் படிவத்தில் அச்சாகப்போகும் சொல் இது. ‘இன்மையறி’யா, ‘இன்மைகாண்’ஆ என்பதை மட்டும் இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.